சீதனத்தில் போன மழைத்தொட்டி

என் மழைத்தொட்டியைத் தங்கச்சிக்குச் சீதனமாகக் கொடுத்தபோது நான் அறை வாசல் திரைக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். விறாந்தையில் ஆண்கள் கூடியிருந்தார்கள். வெற்றிலைத் தட்டம் சுற்றி வந்தது. மாப்பிள்ளை பக்கத்தார் ஒவ்வொன்றாகக் கேட்க, என் வாப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். வீடு? ஓம். கிணறு? ஓம். வளவுக்குள் நிற்கும் தென்னைகள்? ஓம், ஓம். கடைசியில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் தொண்டையைச் செருமினார்.

“அந்தச் சீமெந்துத் தொட்டியும் புள்ளைக்குத்தானே?”

வாப்பா மூச்சுவிடக்கூட நேரம் எடுக்கவில்லை. “வளவுக்குள்ள இரிக்கிற எல்லாம் புள்ளைக்குத்தான்” என்றார்.

கேட்டீர்களா அநியாயத்தை! நான் பன்பாய் இழைத்து, விரல் நுனி வெடித்து, சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய தொட்டி. அதை ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரத்துக்குள் கொடுத்து முடித்துவிட்டார். நான் திரைக்குப் பின்னாலிருந்து இருமினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு முறை பலமாக இருமியதும் உம்மா என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினார். கிள்ளிய இடம் கன்றிப்போயிற்று.

நான் சொல்வது ஐம்பதுகளின் கதை. எனக்கு வயது போய்விட்டது, இனியாவது கோபத்தை விடுங்கள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். விடலாம்தான். ஆனால் விட வேண்டிய ஆட்கள் எல்லாம் விடாமல் வைத்திருக்கும்போது நான் மட்டும் ஏன் விட வேண்டும்?

எங்கள் கல்முனைக்குடியில் வீடு பெண்ணுக்குத்தான். பெண்பிள்ளை பிறந்தால் தகப்பன் அவளுக்கொரு வீட்டைக் கட்டியாக வேண்டும். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து அந்த வீட்டில் ஏறுவார். ஆண்கள் பிறப்பது உம்மாவின் வீட்டில், வாழ்வது பெண்சாதியின் வீட்டில். உறுதி எழுதும்போதும் பெண்ணின் பெயரில்தான் எழுதுவார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால், ஆகா, உங்கள் ஊரில் பெண்களுக்கு எவ்வளவு மதிப்பு என்பார்கள். மதிப்பு உறுதிக் கடதாசியில் இருந்தது. வாய் ஆண்களிடம் இருந்தது.

வாப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். ஒரே வளவில் எனக்கு வடக்குப் பக்கம் ஒரு வீடு, தங்கச்சிக்குத் தெற்குப் பக்கம் ஒரு வீடு. என் கல்யாணத்தின்போது அவளுடைய வீட்டுக்கு அத்திவாரம்கூடப் போடவில்லை. தெற்கே எல்லாம் வெறும் மணல், நாலைந்து தென்னைகள், ஒரு முருங்கை. வேலி கிடையாது. எல்லை கிடையாது. எல்லாம் எங்கள் வளவு. ஆகவே நான் தொட்டி கட்ட நினைத்தபோது எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

தொட்டி ஏன் கட்டினேன் என்றால், செடிகளுக்காக. என் கணவர் பொட்டணி வியாபாரம் செய்தவர். துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மேற்கே உள்நாட்டுக் கிராமங்களுக்குப் போனால் திரும்பி வர நாட்களாகும். எனக்குச் சேலை கொண்டு வாருங்கள், வளையல் கொண்டு வாருங்கள் என்று நான் கேட்டதில்லை. கன்று கொண்டு வாருங்கள் என்பேன். பிபிலைப் பக்கமிருந்து, வெளியூரில் ஆரஞ்சு என்பார்களே, அந்தத் தோடங்கன்றுகள் இரண்டைச் சாக்கில் சுற்றி, வழியெல்லாம் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கொண்டுவந்தார். மாதுளை, ரோசா, மல்லிகை, தேசி எல்லாம் அப்படி வந்தவைதான்.

ஆண்களுக்குக் கடற்கரை இருந்தது. சந்தை இருந்தது. பள்ளிவாசல் முன்றல் இருந்தது, தேத்தண்ணிக் கடை இருந்தது. எனக்கு அந்த வளவுதான் இருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உறவுக்காரர் வீட்டுக்குப் போய் வருவதைத் தவிர, நான் கண்ட உலகம் வேலிக்குள்ளேதான். அதைப் பச்சையாக வைத்திருக்க ஆசைப்பட்டேன். அது பெரிய குற்றமா?

ஆனால் எங்கள் தண்ணீர் அப்படி. மாரி காலத்தில் கிணறு இனிக்கும். மழை ஓய்ந்து வறண்ட கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் கிணற்றுத் தண்ணீர் நாளுக்கு நாள் கரிக்கும். தென்னை தாங்கும், முருங்கை தாங்கும். தோடை தாங்காது. முதல் வருடம் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினேன். இலைகளின் ஓரமெல்லாம் நெருப்புப் பட்டதுபோலக் கருகி, ரோசா முழுவதும் செத்துப்போயிற்று. குடிக்கத் தண்ணீர் தூரத்து நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து குடத்தில் வரும். அதை மரத்துக்கு ஊற்றினால் ஊரே காறித் துப்பும்.

அப்போதுதான் நினைத்தேன், மாரியில் என் ஓட்டுக் கூரையிலிருந்து கொட்டுகிற தண்ணீரெல்லாம் மணலுக்குள் போய்த் தொலைகிறதே, அதைப் பிடித்து வைத்தால் என்ன? உம்மா சிரித்தார். “மழையப் புடிச்சி வெக்கிற பொம்பிளய இப்பதான் காணுறன்” என்றார். சிரிக்கட்டும் என்று பாய் இழைத்தேன்.

மேசன் வந்து பார்த்தார். அத்திவாரத்தின் பக்கத்தில் தண்ணீர் நிற்கக் கூடாது, சற்றுத் தள்ளிக் கட்டுவோம் என்றார். தள்ளியே கட்டினோம். பாதி மண்ணுக்குள், பாதி மேலே. கூரையின் தெற்கு விளிம்பு நெடுகத் தகரப் பீலி பூட்டி, அதன் வாயிலிருந்து இன்னொரு பீலியைத் தொட்டி வரைக்கும் நீட்டினோம். முதல் மழையை ஒருநாளும் உள்ளே விடமாட்டேன். ஓட்டில் இருக்கிற காக்கை எச்சம், சருகு, தூசு எல்லாம் கழுவிக்கொண்டு வரும். அது வெளியே ஓடட்டும். ஓடு நன்றாகக் கழுவப்பட்ட பிறகுதான் பீலியைத் தொட்டிப் பக்கம் திருப்பி, வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டுவேன். நுளம்பு முட்டையிடாமல் பலகையால் மூடி வைப்பேன்.

கச்சான் காலத்தில் அசர் தொழுதுவிட்டு, ஒரு வாளியும் சிரட்டை அகப்பையுமாக இறங்குவேன். ஒவ்வொரு மரத்தையும் சுற்றிக் குழி தோண்டித் தேங்காய்ப் பொச்சுமட்டைகளைக் குப்புற அடுக்கியிருந்தேன். அது ஊற்றிய தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல வேருக்குக் கொடுக்கும். அளந்து அளந்து ஊற்றினால் அடுத்த மாரி வரைக்கும் தொட்டி தாங்கும். தாங்கியது. தோடைகள் என் தோளுயரம் வந்தன, பிறகு என் தலைக்கு மேலே போயின. தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசிய அந்த வருடம்தான் முதன்முதலாகப் பூத்தன. அந்த வாசத்தில் எனக்கு அடுப்படியிலேயே கால் தரிக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு வாப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

“வாப்பா, தொட்டி நான் கட்டின.”

“ஓம். ஆரு இல்லெண்ட?”

“அப்ப என்னண்டு குடுப்பீங்க?”

“நான் ஆருக்குக் குடுக்கிறன்? வழியால போறவனுக்கா? ஒண்ட தங்கச்சிக்கி! நீ அதில அள்ளிக்க. ஒரு வயித்துப் புள்ளைகள் தண்ணிக்கி அடிபடுவீங்களா?”

“எல்லைய ஏன் அதுக்கு இங்கால போட்டீங்க?”

“கூரைத் தண்ணி சொட்டுற கோட்டோட எல்லை. அதுதான் வழக்கம். வழக்கத்த ஒனக்காக மாத்தேலுமா மகள்?”

வாப்பா சாதாரண ஆள் அல்ல. வயல் வட்டையில் விதானை. ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்தால் யார் வயலுக்கு முதலில், யாருக்குப் பிறகு என்று பிரித்துக் கொடுக்கிறவர் அவர்தான். மேல்வயல்காரன் கள்ளத்தனமாக ஒரு கை மண்ணை வெட்டி வாய்க்காலைத் திருப்பினால், மண்வெட்டியோடு அவன் வாசலில் போய் நிற்பார். தண்ணீர் நியாயத்தில் வாப்பாவை அடிக்க ஆளில்லை என்று காரைதீவுப் பக்கத்து வெள்ளாமைக்காரர்கள்கூடச் சொல்வார்கள். அந்த மனிதர்தான் என் தொட்டியைத் தூக்கிக் கொடுத்தார். ஆண்கள் தண்ணீருக்கு அடித்துக்கொண்டால் அது வழக்கு, நியாயம், பெரிய விசயம். நான் கேட்டால் அது பொம்பிளைச் சண்டை. இது எந்த ஊர் நியாயம்?

உம்மா வந்து, “வாயப் பொத்து மகள். கலியாணம் குழம்பினா ஊரு சிரிக்கும்” என்றார். தங்கச்சி அறைக்குள் இருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. அவள் ஒரு சொல் பேசவில்லை.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு அரசாங்கக் கந்தோரில் வேலை. அந்தக் காலத்தில் எங்கள் தெருவுக்குக் கந்தோர்க்கார மாப்பிள்ளை வருவதென்றால் சின்ன விசயமா? வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் களிசானும் போட்டு அவர் சைக்கிளில் ஏறினால் வாப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு வீட்டுக்கும் நடுவே கிடுகு வேலி எழுந்தது. தொட்டி அந்தப் பக்கம் போய்விட்டது. நான் போய்வர வேலியில் ஒரு சின்னக் கடப்பு விட்டார்கள்.

முதல் சில மாதம் ஒரு குறையும் இல்லை. நான் கடப்பால் போய் அள்ளுவேன், தங்கச்சி பலகையைத் தூக்கிப் பிடிப்பாள். வினை சவர்க்காரத்தால் வந்தது. உவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. தேய்க்கத் தேய்க்கத் திரிதிரியாய் உருளும். வெள்ளைச் சட்டை பழுப்படிக்கும். கச்சான் தொடங்கிக் கிணறு கரிக்க ஆரம்பித்ததும் கந்தோர் மாப்பிள்ளை சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். மழைத் தண்ணீரில் சவர்க்காரம் எப்படி நுரைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தேய், வாளி நிறைய நுரை!

அதற்குப் பிறகு சட்டை தொட்டித் தண்ணீரில். களிசான் தொட்டித் தண்ணீரில். குளிப்பும் தொட்டித் தண்ணீரில். வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார். நான் இங்கே ஒவ்வொரு வாளிச் சத்தத்தையும் எண்ணிக்கொண்டிருப்பேன். நான் அகப்பையால் அளந்து ஊற்றுகிற தண்ணீர், ஐயா, நுரையோடு மணலுக்குள் போகிறது! அந்த நுரைத் தண்ணீரையாவது ஒரு மரத்தடிக்குத் திருப்பி விட்டாரா என்றால் அதுவும் இல்லை.

அவர் பெண்சாதியின் ராத்தாவோடு நேருக்கு நேர் பேசமாட்டார். அது மரியாதையாம். அதனால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முருங்கை மரத்தோடு பேசுவார்.

“தொட்டித் தண்ணி மனிசருக்கா மரத்துக்கா? கேக்கிறன், மனிசருக்கா மரத்துக்கா?”

நானும் மரியாதை தெரிந்தவள்தான். இந்தப் பக்கம் கட்டியிருந்த ஆட்டோடு பேசினேன்.

“மரத்துக்குத்தான் கட்டின ஆடே! மனிசருக்குக் கிணறு இரிக்கி, கடலும் இரிக்கி! வெள்ள உடுப்புக் கேட்டு நீயும் அழாத!”

அடுத்த நாள் காலையில் பார்த்தால் கடப்பு அடைபட்டிருந்தது. புதுக் கிடுகு வைத்து, நார் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

நான் வேலியருகில் நின்று தங்கச்சியைக் கூப்பிட்டேன். அவள் வந்தாள். கிடுகுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. “என்னகா இது?” என்றேன். “வாயில என்ன, கொழுக்கட்டையா?” என்று கத்தினேன். அவள் உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவள்மீது வந்த கோபம் அவளுடைய புருசன்மீது வந்ததை விடப் பெரிது.

மல்லிகை முதலில் போயிற்று. மறுபடி வைத்திருந்த ரோசா பிறகு. தோடைப் பூவெல்லாம் காய்பிடிக்காமல் உதிர்ந்து பொச்சுமட்டைமேல் வெள்ளையாய்க் கிடந்தன. அரிசி கழுவிய தண்ணீர், மீன் அலசிய தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர் என்று வீட்டில் எது மிஞ்சினாலும் தோடைக்குத்தான் கொண்டு ஓடினேன். இரண்டு மரத்துக்கும் அது எப்படிப் போதும்? ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் கைவிட வேண்டி வந்தது. கைவிட்ட மரம் ஆவணியில் கொப்பு கொப்பாகக் காய்ந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் பின்கதவால் இறங்குவதையே விட்டுவிட்டேன். அழுதேன். ஒரு மரத்துக்காக யாராவது அழுவார்களா என்று உம்மா கேட்டார். நான் அழுதேன்.

என் கணவர் மூட்டையோடு வந்து இறங்கி, காய்ந்த மரத்தைப் பார்த்துவிட்டு, “விடு புள்ள. மறுகா ஒரு கன்று கொண்டு வாறன்” என்றார். நல்ல மனிதர். ஆனால் எனக்கு அதைக் கேட்டும் கொதித்தது. கன்று வரும். நான் அதற்கு ஊற்றிய வருடங்களை எந்தப் பொட்டணியில் கட்டிக்கொண்டு வருவார்?

“கன்று வேணாம். ஏணிய எடுங்க” என்றேன்.

“என்னத்துக்கு?”

“பீலியத் திருப்ப.”

விளங்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் தலையில் கை வைத்துக்கொண்டார். விசயம் இதுதான். விறாந்தையில் கூடிய பெரிய தலைகள் எல்லாம் வளவைக் கேட்டார்கள், கிணற்றைக் கேட்டார்கள், தொட்டியைக் கேட்டார்கள். தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. தொட்டி தங்கச்சியின் வளவில் நின்றது. கூரை என்னுடையது. பீலி சொட்டுகிற கோட்டுக்கு இந்தப் பக்கம், என் எல்லைக்குள் தொங்கியது. அவர்கள் போட்ட எல்லைதான், அவர்கள் சொன்ன வழக்கம்தான்.

“சண்டை வரப்போகுது புள்ள” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் ஏணியில் ஏறினார். பீலியின் தொட்டிப் பக்கத்து வாயை உயர்த்திக் கட்டி, பின்பக்கத்தைத் தாழ்த்தினார். தொட்டிக்குப் போன நீட்டுப் பீலியைக் கழற்றிக் கொடுத்தார். பின்பக்கம் பீப்பா, அண்டா, குடம், சோற்றுப் பானை, என் கல்யாணத்துக்கு வந்த செப்புக் குடங்கள் என்று வீட்டில் வாய் திறந்திருந்த ஏனமெல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஆண்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நேரம் மழை இறங்கியது. வாடைக் காற்றோடு சரிந்து சரிந்து அடித்தது. என் பீப்பா நிறைந்தது. அண்டா நிறைந்தது. நிறைந்து வழிந்ததெல்லாம் மீதித் தோடையின் அடிக்கு ஓடியது. தொட்டியில் வானத்திலிருந்து நேராக விழுந்த துளிகளைத் தவிர ஒன்றும் இல்லை. கந்தோர் மாப்பிள்ளை குடையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்து, தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என் கூரையை அண்ணாந்து பார்த்தார். இந்த முறை முருங்கையோடுகூடப் பேசவில்லை. நான் யன்னல் பலகையின் நீக்கலால் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்வதில் என்ன வெட்கம், எனக்கு ஆனந்தமாக இருந்தது.

மழை விடவே இல்லை. விடாத மழையிலேயே வாப்பா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

“பீலியத் திருப்பு மகள்.”

“ஏன் வாப்பா?”

“மாப்பிள்ள பெட்டி கட்டிட்டார். பேசின சீதனத்தில குறையாம். தொட்டியத் தாறண்டு வெறும் குழியத் தந்திட்டமாம்.”

“தொட்டியத்தானே பேசினீங்க? தொட்டி அவடத்ததான் இரிக்கி. நான் என்ன, தூக்கிக்கிட்டா வந்திட்டன்?”

“எடுத்தெறிஞ்சி கதைக்காத! ஓடுற தண்ணிய மறிக்க ஆருக்கும் உரிம இல்ல. முப்பது வட்டைக்கி நியாயம் சொன்ன எனக்கு நீ சொல்லித் தாறியா?”

“அது ஆறு வாப்பா. ஆறு எல்லாருக்கும் பொது. என்ட கூரை எப்ப ஆறாச்சி? மழையையும் சீதனத்தில எழுதியா குடுத்தீங்க?”

வாப்பாவின் கை ஓங்கியது. அடிக்கவில்லை. ஓங்கிய கை அப்படியே இறங்கி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டது. “ஒண்ட தங்கச்சி வாழாவெட்டியா நிக்கப் போறாள்” என்றார். குரல் உடைந்திருந்தது. “ஒரு மரத்துக்காக அவள்ட வாழ்க்கைய நாசமாக்கப் போறியா?”

அதுதான் அவர்களுடைய கடைசி ஆயுதம். எப்போதும் அதுதான். அவர்கள் பேசுவார்கள், அவர்கள் கொடுப்பார்கள், அவர்கள் அடைப்பார்கள். குழம்பினால் பழி மட்டும் ஒரு பெண்ணின் தலையில் வரும். மரமா தங்கச்சியா என்று கேட்டால் என்ன சொல்வது? ஏணியை எடுங்கள் என்று கணவரிடம் சொல்லவே வாயெடுத்துவிட்டேன்.

அந்த நேரம் வேலியில் பலத்த சத்தம். அடைத்த கடப்பின் கிடுகை யாரோ அந்தப் பக்கமிருந்து பிய்த்து எறிகிறார்கள். பார்த்தால் தங்கச்சி. தலையில் முக்காடு இல்லை, தலைமயிரெல்லாம் நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. கையில் கிடுகு வெட்டிய கத்தி.

“வாப்பா, ஊட்டு உறுதி ஆர்ட பேரில?” என்றாள்.

வாப்பா விழித்தார். “ஒண்ட பேரிலதான் மகள்...”

“தொட்டி?”

“அதும் ஒண்ட பேரில...”

“அப்ப என்னக் கேக்காம கடப்ப அடைச்சது ஆரு? என்னக் கேக்காம தொட்டிய வாங்கினது ஆரு? நான் தொட்டி கேட்டனா? அது ராத்தா கட்டினண்டு எனக்குத் தெரியாதா?” அவள் மழைக்குள் நின்றே கத்தினாள். “பெட்டி கட்டினா தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. ஊடு என்ட. நான் எங்கயும் போகல்ல, வாழாவெட்டியாவும் நிக்கல்ல. அவர்தான் பெட்டியோட தெருவில நிக்கப் போறார்!”

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் அவளைக் கட்டிப்பிடிக்கப் போனேன். விடவில்லை.

“நீங்களும்தான் ராத்தா. வாப்பாவோட அடிபட்டீங்க, அவரோட அடிபட்டீங்க, ஆட்டோடயும் கதைச்சீங்க. இது ஒண்ட தொட்டிதானே, நீ என்ன சொல்றாய் எண்டு எனக்கிட்ட ஒரு சொல் கேட்டீங்களா?”

“நீ வாய் திறந்தியா!” என்று நானும் கத்தினேன். அந்த மழையில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் கத்திய கத்தலில் அடுத்த வளவுக்காரர்கள் வேலியோரம் வந்துவிட்டார்கள். கத்தி ஓய்ந்த பிறகு அவளே சொன்னாள். “பீலிய இஞ்சால திருப்புங்க. தண்ணி ரெண்டு பேருக்கும். மரத்துக்கு மட்டும். ஒரு சட்டை அதில நனைஞ்சா நானே தொட்டிய இடிப்பன்.”

என் கணவர் அந்த மழையிலேயே மறுபடி ஏணியில் ஏறினார். கந்தோர் மாப்பிள்ளை பெட்டியோடு போகவில்லை. எங்கே போவார்? அவருடைய உம்மாவின் வீட்டில் அவருடைய தங்கச்சியும் மச்சானும் பிள்ளைகளும் படுக்கவே இடமில்லாமல் கிடந்தார்கள். மழை விட்டதும் பெட்டி உள்ளே போயிற்று. அடுத்த கச்சானில் அவர் கிணற்றடியில் நின்று திரிதிரியான சவர்க்காரத்தோடு மல்லுக்கட்டினார். சட்டை பழுப்படித்தது. கந்தோரில் அதற்காக யாரும் அவரை வேலையால் நிறுத்தவில்லை. மீதித் தோடை அந்த வருடம் காய்த்தது. முதல் பழத்தைத் தங்கச்சிதான் பறித்தாள். மல்லிகையைக் கடப்பின் இரண்டு பக்கமும் புதிதாக வைத்தோம்.

ஆனால் கோபத்தை விடமாட்டேன் என்று சொன்னேனே, அதன் காரணம் இன்னும் முடியவில்லை. அந்த மழை விட்ட அடுத்த நாளே வாப்பா தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, “மகள்மார் ரெண்டு பேரும் தண்ணிக்கி அடிபட்டாங்க. நான்தான் நடுவில நிண்டு பங்கு வெச்சிக் குடுத்த” என்று சொன்னாராம். கேட்டவர்கள் எல்லாம் தலையாட்டினார்களாம். வட்டவிதானை அல்லவா! அதுவே ஊர்க் கதையாகிவிட்டது.

வாப்பா மௌத்தாகி எவ்வளவோ காலம் போய்விட்டது. போன பெருநாளுக்கு உறவுக்காரர் ஒருவர் வந்தார். நானும் தங்கச்சியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, “ஒங்கட வாப்பா பெரிய நியாயக்காரன். ரெண்டு மகள்மாருக்கும் மழையவே பங்கு வெச்சவரல்லவா” என்று எங்கள் முகத்துக்கு நேரேயே சொன்னார். தங்கச்சி, “சொல்லட்டும் ராத்தா, விடுங்க” என்று என் கையைப் பிடித்தாள். நான் விடவில்லை. அவரை எழும்ப விடாமல் இருத்திவைத்து, மழைக்குள் கத்தியோடு நின்றது யார், தொட்டி யாருடையது, கூரை யாருடையது, பங்கு வைத்தது யார் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கவனமாகத்தான் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை.

“இப்பச் சொல்லுங்க, ஆரு பங்கு வெச்ச?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

“என்ன இரிந்தாலும், வாப்பா விட்டுக் குடுத்தவர்தானே” என்றார்.